ஊமைமலையில் காணாமல் போன பிள்ளை

சுனைக்குள் கயிறு கட்டி இறங்கிய தீயணைப்பு ஆள் இந்தத் தடவையும் வெறுங்கையோடுதான் மேலே வந்தார்.

"அடியில சேறு இடுப்பளவு கெடக்குங்க. கைக்கு ஒண்ணும் தட்டுப்படல."

ஐஸ்வர்யா அழவில்லை. பாறையில் உட்கார்ந்து, மடியில் ஒரு சின்ன நீல ஷூவை வைத்துக்கொண்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஐந்து வயது மகன் அழகுவின் ஷூ அது. பிள்ளையைக் காணோம் என்று தேடியபோது சுனைக்கரையில் ஒற்றையாகக் கிடந்ததாம். அவள் அழுது தொலைத்தால்கூடத் தேவலை என்று சிராஜுக்குத் தோன்றியது. அழாத தாயைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

பயம் வந்தால் அவன் வாய் சும்மா இருக்காது. "இந்த மலைக்கு ஊமைமலைன்னு பேர் வச்சவன் கெட்டிக்காரன் மேடம். வந்ததுலேருந்து நானும் பிள்ளை பேரைச் சொல்லிக் கத்துறேன், எதிரொலிகூட வர மாட்டேங்குது."

"நீ பேசுறதையெல்லாம் திருப்பிச் சொல்ல அதுக்கு என்ன தலையெழுத்தா?" என்றாள் கலைமதி. பதில் சொன்னாளே தவிர அவள் கண் அந்த ஷூவை விட்டு நகரவில்லை.

போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டுப் புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருப்பவள் கலைமதி. சிராஜ் கோட்டைப்பட்டினத்துக்காரன். துபாயில் ஒரு பெரிய மாலில் கேமரா பார்க்கும் வேலையில் இருந்து, ஊர் திரும்பி, அவளிடம் உதவியாளனாக ஒட்டிக்கொண்டவன். "எந்நேரமும் பொணமும் பொலம்பலும். இதுக்குத் துபாய்லயே இருந்திருக்கலாமே" என்பது அவன் உம்மா ஹவ்வா உம்மாளின் தினசரிக் கேள்வி. இன்றைக்கு அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்று அவனே நினைத்தான்.

அவர்களைப் போன் போட்டு வரவழைத்தவர் ஆதப்பன். திருமயத்துப் பக்கத்துச் செட்டியார் குடும்பம், சென்னையில் வியாபாரம். தும்பை வெள்ளைச் சட்டை முழுக்கப் பாசியும் சேறுமாக, அவரும் ஒரு தடவை சுனைக்குள் இறங்கித் தேடியிருந்தார் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"லக்ஷ்மணன் எனக்குத் தம்பி முறைங்க. ஒரே கோயில் பங்காளி," என்று சற்றுத் தள்ளி நின்ற ஐஸ்வர்யாவின் கணவனைக் காட்டினார். "அவனுக்கு ரெண்டு ஆம்பளப் பிள்ளை. பெரியவன் பரீட்சைன்னு கோயம்புத்தூர்லயே இருக்கான். எங்களுக்குப் பிள்ளை இல்ல. சின்னவன் அழகுவை நாங்க சுவீகாரமாப் பிள்ளை கூட்டிக்கிறதா இருக்கோம். நாளைக்குக் காலைல ஊர்ல மஞ்சள் நீர். அதுக்கு முந்தி தீபாவளி லீவுல ரெண்டு குடும்பமும் ஒண்ணா மலை, குகைன்னு ஒரு நாள் சுத்திட்டு வந்தா, பய எங்களோட ஒட்டிக்குவான்னு நெனச்சேன்."

மஞ்சள் நீர் என்றால் என்ன என்று சிராஜ் கேட்கவில்லை. திருமயத்தில் அவனுக்குச் சிநேகிதர்கள் உண்டு. பெற்றவள் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க, வாங்குகிறவள் மஞ்சள் கரைத்த நீரை அதன் வாயில் புகட்டுவாள். அந்த ஒரு மிடறு உள்ளே இறங்கியதும் பிள்ளை வீடு மாறிவிடும். அப்புறம் அப்பா என்கிற அப்பச்சி வேறு, அம்மா என்கிற ஆத்தா வேறு.

"நாளைக்கு அந்த நேரம் தப்பிப் போச்சுன்னா?" என்றாள் கலைமதி.

"அதோட போச்சுங்க. பிள்ளை கூட்டுற காரியத்துல ஒரு தடங்கல் வந்துட்டா அதே பிள்ளையை மறுபடி கேக்க மாட்டோம். எங்க வீட்டு வழக்கம். எங்க ஐயா காலத்துல இப்பிடித்தான் ஒண்ணு நின்னு போச்சு." சொல்லிவிட்டு ஆதப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா இப்ப எனக்கு முறையும் வேணாம், ஒண்ணும் வேணாம். பிள்ளை உசுரோட கிடைச்சாப் போதும்."

நடந்தது இவ்வளவுதான். காலையில் மலை ஏறியிருக்கிறார்கள். டிரைவர் நாகராசு சாப்பாட்டுக் கூடையையும் பிள்ளையின் பையையும் குகை வாசல் வரை தூக்கி வந்து வைத்துவிட்டு வண்டிக்குத் திரும்பிவிட்டான். குகையின் முன்பக்கம் சமணர் படுக்கைகள். பாறையில் வழவழவென்று செதுக்கிய கல் மெத்தைகள். அதற்குப் பின்னால் குனிந்து போகும்படி ஒரு இருட்டுப் பாதை. சாப்பிட்டுவிட்டு ஆதப்பனும் லக்ஷ்மணனும் ஐஸ்வர்யாவும் செல்போன் வெளிச்சத்தில் அதற்குள் போனார்கள். ஆதப்பனின் மனைவி தனலட்சுமி முட்டி வலி என்று பிள்ளையோடு வாசலில் தங்கினாள்.

"நீங்க உள்ள போன கொஞ்ச நேரத்துல அவனும் உங்க பின்னாலயே ஓடிட்டான். ஒங்ககூடத்தான் இருக்கான்னு நான் நெனச்சேன்," என்று அவள் அப்போதும் சொன்னாள், இப்போதும் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஐஸ்வர்யாவின் தோளில் போர்த்தியிருந்த துண்டைச் சரிசெய்தாள். வந்ததிலிருந்து அவள் ஐஸ்வர்யாவின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. தண்ணீர் கொடுப்பதும் தலையைத் தடவுவதும் அவள்தான்.

"மூணு பேரும் ஒண்ணாத்தான் வெளிய வந்தீங்களா?" என்றாள் கலைமதி.

"இல்லைங்க," என்றான் லக்ஷ்மணன், தயங்கித் தயங்கி. "வௌவால் நாத்தம் மூச்சு முட்டுதுன்னு ஐஸு முன்னாடியே வெளிய வந்துட்டா."

சிராஜ் கலைமதியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் ஐஸ்வர்யாவின் எதிரே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"வெளிய வந்து எங்க போனீங்கம்மா?"

"அந்தப் பாறைக்கு அங்கிட்டு." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "கொஞ்ச நேரம் தனியா இருக்கணும் போல இருந்துச்சு."

"எதுக்கு?"

"அழுகறதுக்கு."

அந்த வார்த்தையைக் கேட்டு லக்ஷ்மணன் தலையைக் குனிந்துகொண்டான். மேற்கே மேகம் திரண்டு வந்தது. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாறை வழுக்கும், தேடுகிறவர்களும் கீழே இறங்கிவிடுவார்கள். கலைமதி நேரத்தை வீணாக்கவில்லை.

"பிள்ளையோட பையை நான் பாக்கலாமா?"

கரடிப் படம் போட்ட பை. கல் படுக்கையின் ஓரத்தில் சாப்பாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் இருந்தது. கலைமதி அதை ஐஸ்வர்யாவின் முன்னாலேயே கவிழ்த்தாள். ஒரு பிளாஸ்டிக் டைனோசர், கலர் பென்சில், கிழிந்து கசங்கிய ஒரு துண்டுச் சேலைத் துணி. புளித்த பால் வாடை அடித்தது அதில்.

"இதுல நீங்க என்னென்ன வச்சீங்க?"

"இதெல்லாம்தான். அப்புறம் மாத்து டவுசர், சட்டை, தண்ணி பாட்டில்…" ஐஸ்வர்யா பேச்சை நிறுத்தினாள். பையைத் தானே வாங்கி உதறிப் பார்த்தாள். "டவுசர் எங்க?"

"இந்தத் துணி?"

"என் பழைய சேலைங்க. இதோட நுனியைச் சப்பினாத்தான் தூங்குவான். இது இல்லாம ஒரு இடத்துல இருக்க மாட்டான். வெளிய சொன்னா வெக்கம்னு அடியில போட்டு வச்சிருந்தேன்."

"கடைசியா ஒண்ணு. அழகுவுக்கு இருட்டுன்னா எப்பிடி?"

"பாத்ரூம் லைட்டு போடாம உள்ள போக மாட்டான்."

கலைமதி எழுந்து சிராஜைக் கண்ணால் கூப்பிட்டாள். இரண்டு பேரும் குகையின் மறுபக்கம் போனார்கள்.

"மேடம், பிள்ளை தண்ணிக்குள்ள இல்ல," என்றான் சிராஜ் படபடப்போடு. "சுனையில விழுறதுக்கு எவனும் மாத்து டவுசர் எடுத்துட்டுப் போக மாட்டான்."

"கடத்துறவன்?"

"அவனும் எடுத்துட்டுப் போக மாட்டான். பிள்ளை நனைச்சுக்கிட்டா மாத்தணும், தாகமெடுத்தா குடுக்கணும்னு நெனைக்கிற கடத்தல்காரனை எங்க தேடுறது? அவனுக்கு நம்ம ஊர்ல பொண்ணு பாத்துக் கட்டி வைக்கலாம். ஆம்பளைங்க வேலையும் இல்ல இது. ஆம்பளை தூக்கியிருந்தா டைனோசரை எடுத்திருப்பான்." மூச்சு வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "சொல்லவே கஷ்டமா இருக்கு மேடம். பெத்தவங்கதான். பிள்ளையைக் குடுக்க மனசில்ல. நேரம் தப்புனா காரியம் நின்னுரும்னு தெரியும். முன்னாடியே வெளிய வந்திருக்காங்க, தனியா இருந்திருக்காங்க. யார்கிட்டயோ பிள்ளையைக் குடுத்து அனுப்பிட்டு, இங்க உக்காந்து கல்லு மாதிரி நடிக்கிறாங்க."

"நல்லா யோசிச்சிருக்க. பாதி சரி."

"எந்தப் பாதி?"

"சிராஜ், பெத்தவ எடுத்திருந்தா எதை முதல்ல எடுத்திருப்பா?"

 அந்த நாற்றத் துணி சிராஜின் கண்முன்னால் வந்து நின்றது.

"டவுசரை விட்டுருப்பா, தண்ணியை விட்டுருப்பா. அந்தத் துணியை விட்டுருக்க மாட்டா," என்றாள் கலைமதி. "இந்தப் பையைத் தொட்ட கைக்குப் பிள்ளை மேல பாசம் இருக்கு, பழக்கம் இல்ல. கிழிஞ்ச துணின்னு பையிலயே விட்டுட்டு, சுத்தமா மடிச்சு வச்சதை மட்டும் எடுத்திருக்கு. பிள்ளை வளர்த்துப் பாக்காத கை."

"தனலட்சுமி ஆச்சியா?" சிராஜுக்குச் சிரிப்பும் வரவில்லை, நம்பவும் முடியவில்லை. "விடிஞ்சா பிள்ளை அவங்க மடிக்கு வரப்போகுது மேடம். நாளைக்குத் தன் கைக்கு வர்ற பிள்ளையை இன்னைக்கு எதுக்குத் திருடணும்?"

"அதைத்தான் கேக்கப் போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு."

அவள் ஆதப்பனிடம் போய், சித்தன்னவாசல் பக்கத்திலேயே இருக்க, பார்க்க ஒன்றுமில்லாத இந்த மலைக்கு ஏன் வந்தீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"நான் சித்தன்னவாசல்தான் சொன்னேன். பிள்ளைக்கு விளையாட பார்க்கெல்லாம் இருக்கு. தனம்தான் இங்கதான் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னா. எங்க வீட்டுல ரொம்ப வருசம் சமைச்ச ராக்காயி இந்த மலைக்குப் பின்பக்கத்து ஊர்தான், அவ சொல்லிச் சொல்லி ஆசையாம்."

கலைமதி நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

தனலட்சுமியைத் தனியாக அழைத்து வருவது கஷ்டமாக இல்லை. கூப்பிட்டதும் வந்தாள். கல் படுக்கையில் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். தண்ணீரில் இறங்கிய ஆள் மறுபடி இறங்கும் சத்தம் கேட்டபோது மட்டும் அவள் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது.

"இருட்டைக் கண்டாப் பயப்படுற பிள்ளை குகைக்குள்ள ஓடுனான்னு சொன்னீங்க ஆச்சி," என்றாள் கலைமதி. "அவனுக்கு அந்தப் பயம் இருக்கிறது உங்களுக்குத் தெரியாது. பாவம், யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. ராக்காயிக்குப் போனைப் போடுங்க."

தனலட்சுமி மறுக்கவில்லை. அவள் நீட்டிய போனைச் சிராஜ்தான் வாங்கி, நம்பரைத் தேடிப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

"ஆச்சி!" என்றது மறுமுனை. "எப்ப வாரீக? பிள்ளை ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்குறான். ஆத்தா ஆத்தான்னு…"

பின்னால் ஒரு பிள்ளை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. சிராஜ் தன்னை அறியாமல் "அல்லாவே" என்றான். இதைவிட இனிமையான அழுகையை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. கலைமதி வாசலுக்குப் போய், "ஐஸ்வர்யா, பிள்ளை நல்லா இருக்கான். குரலைக் கேட்டேன். கூட்டிட்டு வாராங்க," என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். வெளியே ஐஸ்வர்யா முதல் தடவையாக ஓலமிட்டு அழுதாள்.

கலைமதிக்கு இப்போது கோபம் வந்திருந்தது. "எவ்வளவு நேரமா அந்தப் பொண்ணு செத்துக்கிட்டு இருக்கா, தெரியுமா உங்களுக்கு? பக்கத்துல நின்னு தலையைத் தடவுறீங்க!"

"தெரியும்." தனலட்சுமி கண்ணைத் துடைக்கவில்லை. "ஒளிஞ்சு விளையாடலாம்னு பின்பக்கமாத் தூக்கிட்டுப் போயி அங்க காத்திருந்த ராக்காயிகிட்டக் குடுத்தேன். ஷூ கழண்டு விழுந்தது தெரியாது. வழி தவறிட்டான்னு தேடுவாக, நாளைக்கு நேரம் தப்புனதும் ராக்காயி கொண்டு வந்து விட்டுருவா, அவ்வளவுதான்னு நெனச்சேன். அப்புறம் ஷூவைப் பாத்துட்டாக. சொல்லிரலாம், சொல்லிரலாம்னு வாயைத் திறப்பேன். எங்க வீட்டுக்காரர் வந்து பக்கத்துல நிப்பாக. தீயணைப்புக்காரர் தண்ணிக்குள்ள இறங்குற ஒவ்வொரு தடவையும் நானும் செத்தேன். சொல்ல மட்டும் வரல."

"ஏன் ஆச்சி?" என்று சிராஜ் கேட்டான். கேலி எதுவும் அவன் நாக்கில் இல்லை. "பிள்ளை வேணும்னுதானே இத்தனை பாடு?"

"நேத்து ஐஸ்வர்யா பிள்ளைக்குத் தலை துவட்டிக்கிட்டு இருந்தா. கதவுக்கு வெளிய நான் நின்னது தெரியாது. 'இனிமே என்னை என்னன்னு கூப்பிடணும்? சின்னாத்தான்னு சொல்லு. எங்க, சொல்லு'ங்கிறா. அவன் வெளாட்டுன்னு நெனச்சு 'சின்னாத்தா, சின்னாத்தா'ன்னு சிரிக்கிறான். முறைப்படி அது சரிதான். பிள்ளை எனக்கு ஆயிட்டா அவ அவனுக்குச் சின்னாத்தாதான். ஆனா அவ முகத்தை நான் பாத்துட்டேன்." அவள் குரல் உடைந்தது. "பெத்தவ வாயாலேயே தன்னைச் சின்னாத்தான்னு சொல்லிக் குடுக்க வச்சுட்டு அந்தப் பிள்ளையை நான் எப்பிடிம்மா மடியில வாங்குவேன்?"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லலாமே," என்றாள் கலைமதி.

"ராத்திரியே சொன்னேன். 'எல்லாம் பழகிரும்'னாக. பிள்ளை பிள்ளைன்னு கோயில் கோயிலா ஏறுனவ இப்ப வேணாம்னா யார் நம்புவா? அவளும் சொல்ல மாட்டா. அவ புருசனை வளத்து ஆளாக்குனதே இவுகதான். எங்க ரெண்டு பேருக்குமே வாய் இல்ல."

 கலைமதி சிராஜைப் பார்த்து, "போய்க் கூட்டிட்டு வா," என்றாள். தனலட்சுமியிடம், "நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லப் போறதில்ல. பிள்ளையைக் கண்டுபிடிக்கிறது என் வேலை, முடிஞ்சிருச்சு. ஆனா நேரத்துக்குள்ள கிடைச்சுட்டான் ஆச்சி. இனி தடங்கல் ஒண்ணும் இல்ல. அதை நல்லா யோசிச்சுக்கங்க," என்றாள்.

சிராஜ் பின்பக்கப் பாதையில் ஓட்டமும் நடையுமாக இறங்கினான். போனிலேயே வரச் சொல்லியிருந்ததால் ராக்காயி பாதி வழிக்கே பிள்ளையோடு ஏறி வந்துவிட்டாள். அழகு ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக, அழுது வீங்கிய மூஞ்சியோடு சிராஜின் தோளில் தொற்றிக்கொண்டான். மேலே வந்தபோது தூறல் போட ஆரம்பித்திருந்தது. பிள்ளை தாவிய வேகத்தில் ஐஸ்வர்யா நிலைதடுமாறிப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து தடவிப் பார்த்தாள்.

"பின்பக்கமா இறங்கி வழி தெரியாம ஊருக்குள்ள போயிட்டான் போல," என்று தீயணைப்பு ஆட்களே பேசி முடித்துக் கயிற்றைச் சுருட்டினார்கள். கலைமதி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆதப்பன் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அழுததில் அவர் கண்ணும் சிவந்திருந்தது. கெட்ட மனிதர் இல்லை, அதுதான் சங்கடம். "ஆண்டவன் காப்பாத்திட்டான். ஒரு குறையும் வரல. இப்பக் கிளம்புனாக்கூடப் போதும், நாளைக்கு நேரத்துக்கு எல்லாம் முடிச்சிரலாம். என்னப்பா லக்ஷ்மணா?"

லக்ஷ்மணன் மனைவியைப் பார்த்தான். பிறகு, "சரிண்ணே," என்றான்.

ஆதப்பன் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினார்.  பிள்ளையைச் சுற்றியிருந்த ஐஸ்வர்யாவின் கைகள் மெதுவாகத் தளர ஆரம்பித்தன. சிராஜுக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"நில்லுங்க."

தனலட்சுமிதான். தூறலில் நனைந்தபடி குகை வாசலில் நின்றாள்.

"அவன் வழி தவறிப் போகல. நான்தான் தூக்கிட்டுப் போயி ராக்காயி வீட்டுல ஒளிச்சு வச்சேன்."

"தனம், என்ன பேசுற?"

"ஷூவைப் பாத்த பெறகும் வாயைத் தொறக்காம இருந்தேன். இந்தப் பொண்ணு பித்துப் பிடிச்சு உக்காந்திருந்ததைப் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நம்ம ஊர்ல, நம்ம வழக்கத்துல, பிள்ளையைத் திருடுனவ மடியில பிள்ளையைக் குடுப்பாகளா? பெரியவுகளைக் கூட்டிக் கேட்டுச் சொல்லுங்க."

 ஐஸ்வர்யா பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். நேராக நடந்து வந்தாள். தனலட்சுமியின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். லக்ஷ்மணன் பதறிக்கொண்டு ஓடிவந்தான். கலைமதி குறுக்கே கையை நீட்டி அவனை நிறுத்தினாள்.

"குடுக்க மாட்டேன்!" ஐஸ்வர்யாவின் கத்தல் மலை முழுக்கக் கேட்டது. அவள் தனலட்சுமியிடம் மட்டும் சொல்லவில்லை. ஆதப்பனைப் பார்த்துச் சொன்னாள், புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "என் பிள்ளை. யாருக்கும் குடுக்க மாட்டேன். நாளைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல!"

தனலட்சுமி சிவந்த கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். கண்ணீர் நிற்காமல் வழிந்தது. அவள் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவில்லை, கணவனைத்தான் பார்த்தாள்.

"அவ சொன்னது காதுல விழுந்துச்சுல்ல? வண்டியை எடுக்கச் சொல்லுங்க."